மேடையில் யார் எங்கே நிற்கிறார்கள்: டென்மாவின் இசைக்குழு

ராக் இசை நமக்கு அந்நியம் என்று ஒதுக்குகிறவர்களும், டென்மாவின் குழு பாடுவது நியாயமான விஷயம், ஆகவே அது நல்ல இசை என்று கொண்டாடுகிறவர்களும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இரு சாராரும் பாட்டைக் கேட்பதில்லை. முதல் சாராருக்குக் கித்தாரைக் கண்டதும் காது அடைத்துக்கொள்கிறது. இரண்டாம் சாராருக்கு வார்த்தைகள் விழுந்ததும் மற்றதெல்லாம் வேண்டாததாகிவிடுகிறது. 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் முதன்முதலாக மேடையேறியது 2018 ஜனவரி 6ஆம் தேதி. இத்தனை வருஷங்களில் அதைப் பற்றி நான் படித்தவற்றில் பெரும்பகுதி பா. ரஞ்சித்தைப் பற்றியது, அல்லது சாதியைப் பற்றியது. அதன் இசையைக் கட்டியவர் ஒரு ராக் இசைக்காரர் என்பதும், அந்த விஷயம் அந்தக் குழுவின் உருவத்தை எப்படி நிர்ணயித்தது என்பதும் பேசப்படவே இல்லை. உருவம், உள்ளடக்கம் என்று ஒரு காலத்தில் நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் சண்டை போட்டவர்கள் நாம். இங்கே மட்டும் ஏன் உருவத்தை மறந்துவிட்டோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

நான் இதைக் கேட்கிற இடத்தைச் சொல்லிவிடுகிறேன். குந்தாரப்பள்ளி, கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகும் நெடுஞ்சாலை மேல் இருக்கிற ஊர். வெள்ளிக்கிழமை சந்தை. ஆடு வாங்க வருகிறவர்கள் தெலுங்கிலும் கன்னடத்திலும் உருதுவிலும் தமிழிலும் பேரம் பேசுவார்கள். கையின் மேல் துண்டைப் போட்டு விரலைப் பிடித்து விலை சொல்கிற பழைய தரகர்களுக்கு அதுவும் தேவையில்லை. பெங்களூர் இங்கிருந்து இரண்டு மணி நேரம். சென்னைக்கு ராத்திரி பஸ் ஏற வேண்டும். ஆகவே ராக் என்ற வஸ்து எனக்கு மேற்கேயிருந்துதான் வந்து சேர்ந்தது, ஆங்கிலத்தில்.

அந்த ஆங்கில ராக்கை நான் கேலி செய்யத் தயாராக இல்லை. 1996இல் பெங்களூரில் தொடங்கிய 'தெர்மல் அண்ட் அ குவார்ட்டர்' குழுவின் பெயரே ஒரு எல்லையோரத்துச் சிரிப்பு. ஆரம்பத்தில் மூன்று மலையாளிகள், கூட ஒரு கால் மலையாளி. 'த்ரீ மல்லு' வேகமாகச் சொல்லப்பட்டு 'தெர்மல்' ஆகிவிட்டது. அந்தக் கால் மலையாளி, கித்தார் வாசித்துப் பாடுகிற புரூஸ் லீ மணி. மிச்ச முக்கால் தமிழ். முக்கால் தமிழர் ஆங்கிலத்தில் பாடுகிறாரே என்று அங்கலாய்க்க வேண்டியதில்லை. அல்சூரும் சிவாஜிநகரும் பார்த்தவர்களுக்குப் பெங்களூர் தண்டு எப்படிப் பேசும் என்று தெரியும். ஜாஸ் சாயல் படிந்த சுதி, கணக்கில் பிசகாத தாளம், தங்கள் நகரத்தின் மேல் ஒரு செல்லக் கோபம். 2012இல் வந்த அவர்களது ஆல்பத்தின் பெயரிலேயே ஆட்டோரிக்ஷாவின் மூன்று சக்கரங்கள் இருக்கின்றன. வாசிப்பில் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. ஆனால் இவர்களை நேரில் கேட்டுவிட்டுக் கடைசி பஸ்ஸில் திரும்பி வந்த இரவுகளில், கேட்டது என் ஊரில் எங்கும் ஒட்டவில்லை என்ற உணர்வு எனக்கு இருந்திருக்கிறது. மொழிதான் காரணம் என்று அப்போது நினைத்தேன். அது பாதிதான் சரி.

ஏனென்றால் மொழியை மாற்றியவர்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். 2008இல் மலையாளத்தில் 'அவியல்' குழுவின் ஆல்பம் வந்தது. அதே வருஷம் ரகு தீட்சித்தின் முதல் ஆல்பம். மைசூர்க்காரர், மைக்ரோபயாலஜி படித்தவர், பரதநாட்டியம் கற்றவர். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சந்தக் கவி சிசுநாள ஷரீஃபைக் கித்தாருக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தார். கன்னடக்காரர்கள் ஷரீஃபைத் தாத்தா வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டார்கள், மலையாளிகள் நாட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். நம்மிடம் சித்தர் பாடல்கள் இருந்தன, தெம்மாங்கு இருந்தது, ஒப்பாரி இருந்தது. ஏன் நடக்கவில்லை?

சினிமா என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பதில் சோம்பேறித்தனமானது. சினிமா வெளியே நின்று தடுக்கவில்லை, உள்ளே அழைத்துக்கொண்டது. ஏ. ஆர். ரஹ்மான் சென்னையில் 'நெமிசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவை நிறுவியவர் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? 1992இல் 'ரோஜா' வந்ததும் அந்த விஷயம் ஒரு வாழ்க்கைக் குறிப்பின் அடிக்குறிப்பாகிவிட்டது. சாண்டில்யனின் பேரன் ஷான் ரோல்டன் நண்பர்களோடு ஒரு குழு வைத்திருந்தார், அதில் தமிழுக்குப் புதிதான ஒரு தளர்வும் ஹாஸ்யமும் இருந்தது. 2014இல் ஒரே வருஷத்தில் 'வாயை மூடி பேசவும்', 'முண்டாசுப்பட்டி', 'சதுரங்க வேட்டை'. நல்ல இசையமைப்பாளர் கிடைத்தார். குழு பின்னால் போயிற்று. இவர்களில் யாரும் விலைபோனவர்கள் அல்ல. பிழைப்பு என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி பாங்க்கில் உட்கார்ந்துகொண்டு உபதேசம் செய்வது அசிங்கம். ஆனால் குழு என்பது ஒரு உருவம், இசையமைப்பாளர் என்பது ஒரு பதவி. தமிழ்ச் சூழலுக்கு முதலாவதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை; இரண்டாவதற்கு உடனே நாற்காலி போட்டுவிடும்.

டென்மாவின் முக்கியத்துவம் இங்கேதான் ஆரம்பமாகிறது. கபேர் வாசுகியோடு சேர்ந்து 'குரங்கன்' என்ற குழுவில் அவர் இருந்தபோதே தமிழில், சினிமாவுக்கு வெளியே, அரசியல் கிண்டலோடு பாடுவது என்பது தொடங்கிவிட்டது. அந்தப் பாடல்களில் சொல் முன்னால் வரும்; இசை அதற்குத் தோள் கொடுக்கும். புத்திசாலித்தனமான பாடல்கள். என்றாலும் கேட்கிறவர் ஏற்கெனவே நம்மைப் போன்ற ஒருவராக, புத்தகம் படிக்கிறவராக, இருந்தாக வேண்டும். 2017இல் ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' நிறுவனமும் சேர்ந்து கானா பாடுகிறவர்களையும் ராப் பாடுகிறவர்களையும் தாள வாத்தியக்காரர்களையும் தேடித் தேர்ந்தெடுத்தபோது, பத்தொன்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் உருவாயிற்று. ஒரு ராக் இசைக்காரருக்கு நாலு பேரை ஒரே தாளத்தில் நிறுத்துவதே கஷ்டம்.

இந்த இடத்தில் டென்மா எடுத்த தீர்மானம், என் பார்வையில், அவர் எழுதிய எந்தப் பாட்டை விடவும் பெரியது. கித்தாரைப் பின்னுக்குத் தள்ளினார்.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ராக் குழுவில் கித்தார் வெறும் வாத்தியம் அல்ல, அதிகாரம். பாடகர் ஒரு சரணத்தை முடித்து மூச்சு வாங்குகிற இடைவெளி கித்தார்காரருக்குச் சொந்தம்; அங்கே அவர் முன்னால் வருவார், விளக்கு அவர் மேல் விழும். நாட்டார் இசையோடு 'கலவை' செய்கிறோம் என்று வருகிறவர்கள் இந்த அதிகாரத்தை விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு பறையை, ஒரு உறுமியை, ஊறுகாய் மாதிரி ஓரத்தில் வைப்பார்கள். ஆரம்பத்தில் பத்து நொடி முழங்கும், பிறகு டிரம் செட் வந்து எல்லாவற்றையும் நாலு நாலாக எண்ணித் தள்ளிக்கொண்டு போய்விடும். டென்மாவின் குழுவில் அந்த இடைவெளி பெரும்பாலும் சட்டிக்கும் கட்டமோளத்துக்கும் போகிறது. கித்தார் அறுத்து அறுத்து, குட்டையாக, தாளத்தின் வேலையைச் செய்கிறது. பாஸ் கித்தார் ஒரே வரியைத் திருப்பித் திருப்பி வாசித்துத் தரையைக் கெட்டிப்படுத்துகிறது. டிரம் செட்டும் பறையும் ஒரே மேடையில் இருந்தால் தொழில்ரீதியாகவே சிக்கல்: பறையின் சிம்புக்குச்சி கிளப்புகிற சடசடப்பும் டிரம் செட்டின் ஸ்னேரும் காதில் ஒரே இடத்தைப் பிடிக்கும், ஒன்று மற்றதைத் தின்றுவிடும். இரண்டையும் ஒலிவாங்கியில் ஏற்றிவிட்டால் இரைச்சல்தான் மிஞ்சும். யார் விட்டுக்கொடுப்பது என்பது ஒலிப்பதிவுப் பிரச்னை போலத் தோன்றும். இந்த நாட்டில் அது வேறு கேள்வியும்கூட. இங்கே டிரம் செட் அடக்கி வாசிக்கிறது. நல்ல பாடல்களில், 'வட சென்னை' பாட்டில் மாதிரி, கானாவின் ஆடி ஆடி வருகிற மூன்றன் நடைக்கு ராக்கின் நேரான நடை வழிவிட்டு ஒதுங்குவதைக் காலால் உணரலாம்.

கானா எங்கிருந்து வருகிறது என்பதையும் மறக்கக்கூடாது. வட சென்னையில் சாவு வீட்டில் ராத்திரி முழுக்க விழித்திருக்கிறவர்களின் பாட்டு அது. கேரம் போர்டு கிளப்பில், மேஜையைத் தட்டிக்கொண்டு பாடியது. செத்தவனைப் பற்றி அழுதுகொண்டே அவனைக் கிண்டலும் செய்கிற துணிச்சல் அதற்கு உண்டு. அந்தத் துணிச்சல் ராக்குக்கு ஒரு காலத்தில் இருந்தது, பிறகு தொலைந்துபோயிற்று. ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி முன்வரிசையில் நின்று பாடும்போது அந்தத் துணிச்சலுக்கு இன்னொரு பரிமாணம் கிடைக்கிறது. 2020இல் பி.பி.சி. தன் நூறு பெண்கள் பட்டியலில் அவரைச் சேர்த்தது. எனக்கு அந்தப் பட்டியலை விட அவர் குரலின் கரகரப்பு முக்கியம். பயிற்சி பெற்ற குரல்களுக்கு வராத ஒரு அலட்சியம் அதில் இருக்கிறது.

நம் வட்டாரத்தின் சரித்திரத்தையும் இங்கே கொஞ்சம் கிளற வேண்டியிருக்கிறது. 1977இல் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கூத்தைப் பற்றிச் சிறுபத்திரிகைகள் நிறைய எழுதின, நியாயமாகவே எழுதின. நவீன நாடகம் கூத்திலிருந்து கற்றுக்கொண்டது. ஆனால் கற்றுக்கொண்டவர் சென்னையில் இருந்தார், கற்றுக்கொடுத்தவர் தன் ஊரில் இருந்தார். மேடையில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றது அபூர்வம். அதே சென்னையில் கானா பாடிக்கொண்டிருந்தது நம் காதில் விழவே இல்லை. கூத்து புராதனமாக இருந்தது, ஆகவே கௌரவமாக இருந்தது. கானா பக்கத்துத் தெருவில் இருந்தது. கே. ஏ. குணசேகரன் 'தன்னானே' குழுவோடு ஊர் ஊராகப் போய் இன்குலாபின் 'மனுசங்கடா'வைப் பாடினார். அந்தப் பாட்டு கூட்ட மேடைகளில் நிலைத்தது, ஆனால் அது எப்படிப்பட்ட இசை என்று இசை விமர்சனம் எதுவும் நின்று யோசித்ததாக எனக்கு நினைவில்லை. அவர் 2016 ஜனவரியில் காலமானார். டென்மாவின் குழு திடீரென்று ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. குணசேகரன் திறந்த வழியில்தான் அது வந்தது, கையில் மின்சாரக் கித்தாரோடு.

குழுவின் பெயர் ஆங்கிலத்தில் இருப்பது எனக்கு உறுத்தத்தான் செய்கிறது. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லாட்சியிலிருந்து எடுத்த பெயர் அது. பண்டிதர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பத்திரிகைக்கே விலையைப் பெயராக வைத்தவர். அவர் 1914இல் மறைந்த பிறகு, 1920களில் அந்தத் 'தமிழ'னை மறுபடி நடத்தியவர் ஜி. அப்பாதுரையார்; நடந்த இடம் கோலார் தங்கவயல். குந்தாரப்பள்ளி கூட்ரோட்டில் வடக்கே திரும்பி வேப்பனப்பள்ளி வழியாக எல்லையைத் தாண்டினால் கோலார் மாவட்டம்தான். சுரங்கத்துக்குள் இறங்கிய தமிழர்கள் காசு போட்டு நடத்திய பத்திரிகை இவ்வளவு பக்கத்தில் வந்துகொண்டிருந்தது என்பதை நான் பி.ஏ. ஆங்கிலம் முடித்து, எலியட்டையெல்லாம் படித்து, அப்புறம் பல வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டேன். சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது. சிறுபத்திரிகை மரபு என்று நாம் 'மணிக்கொடி'யிலிருந்து எண்ணத் தொடங்குகிறோமே, அந்த எண்ணிக்கையிலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்ற பிரச்னை இருக்கிறது.

இவ்வளவும் சொன்னபிறகு குறையைச் சொல்லாவிட்டால் நான் இரண்டாம் சாராரில் ஒருவனாகிவிடுவேன். குழுவின் பாடல்களில் கணிசமானவை தட்டி எழுதுகின்றன. இட ஒதுக்கீடு பற்றிய பாட்டைக் கேட்கும்போது வாதம் சரி என்று தலையாட்டுகிறேன்; தலையாட்டுவது வேறு, தலை ஆடுவது வேறு. 'ஜெய் பீம்' கீதத்தில் கூட்டத்தின் சக்தி இருக்கிறது, ஆனால் மேடையை விட்டு இறங்கி ஒருவன் தனியாக வீட்டுக்குப் போகும்போது கூட வருவதில்லை. மாட்டுக்கறி பற்றிய பாட்டு அப்படியல்ல. அங்கே கோபம் சிரிப்பாக உருமாறிவிடுகிறது. சந்தையில் மாட்டை விற்றுவிட்டு வந்து, தின்கிறவனைப் பழிக்கிற ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும். அந்தப் பாட்டை அவர்கள் முகத்துக்கு நேரே பாடினால் முதலில் சிரித்துவிட்டு அப்புறம்தான் கோபப்படுவார்கள். அந்த ஒரு நொடிச் சிரிப்பு கலையின் வேலை. டென்மா தன் வாத்தியக்காரர்களை நம்புகிற அளவுக்குச் சில சமயம் தன் பாட்டை நம்புவதில்லை. சட்டி ஏற்கெனவே சொல்லிவிட்ட விஷயத்தைப் பாடகரும் விளக்க ஆரம்பித்துவிடுகிறார். இதைப் பிரசாரம் என்று தள்ளிவிட்டுப் போகிற நண்பரோடு நான் உடன்படவில்லை. இது பிரசாரம் கலையைக் கெடுத்த கதை அல்ல, உருவத்தின் மேல் நம்பிக்கை பாதியில் தளர்ந்த கதை.

இன்னொன்று, 'நாம்' என்ற குரல். பத்தொன்பது பேரும் 'நாம்' என்று பாடும்போது ஒருவருடைய பாட்டி, ஒருவருடைய தெரு, ஒருவருடைய அவமானம் எல்லாம் ஒரே நிறமாகிவிடும் அபாயம் இருக்கிறது. அறிவின் பயணத்தை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது. அரக்கோணத்துக்காரர். இந்தக் குழுவில் பலருக்குத் தெரியவந்தார், 2019இல் 'தெருக்குரல்' என்று தனியாக ஆல்பம் கொண்டுவந்தார், 2021இல் 'என்ஜாயி எஞ்சாமி' உலகமெல்லாம் ஓடியது. அந்தப் பாட்டில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இருக்கிறார். பெயருள்ள, முகமுள்ள ஒரு பாட்டி. பிறகு அந்தப் பாட்டு யாருடையது என்று சர்ச்சை எழுந்தது. ஒரு சஞ்சிகை அட்டையில் அவர் படம் இல்லை, 2022இல் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் பாட்டு இருந்தது, அவர் இல்லை. 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்றே ஆல்பத்துக்குப் பெயர் வைத்தார். குழுவுக்குள் இருந்தபோது இந்தக் கேள்வி எழவில்லை. யார் எங்கே நிற்பது என்பது அங்கே தீர்க்கப்பட்டிருந்தது. ஆனால் குழுவுக்குள் இருந்தபோது இந்தப் பாட்டியும் வரவில்லை. இரண்டும் உண்மை. இதை டென்மாவின் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். தன்னிடமிருந்து வெளியேறிப் போகக்கூடிய குரல்களை உருவாக்குவதும் குழுவின் வேலைதான், அதற்குக் குழுவே விலையாகிவிடும் என்றாலும்.

டென்மாவும் சினிமாவுக்கு இசையமைத்துவிட்டார். 2019இல் 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022இல் 'நட்சத்திரம் நகர்கிறது'. இரண்டாவது படத்தில் பாடல்கள் கதாபாத்திரங்கள் கூடிப் பேசுகிற அறையிலிருந்து எழுந்து வருகின்றன. நாடகக் குழுவைப் பற்றிய படம் என்பதால் அவருக்குத் தோதாக அமைந்தது. அங்கே ராக் தன்னைத் தாராளமாகக் காட்டிக்கொள்கிறது. கித்தார் முன்னால் வருகிறது, அழகாகவும் இருக்கிறது. கேட்கும்போது சந்தோஷமாக இருந்தது, கேட்டு முடித்ததும் பழைய கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. நாற்காலி போட்டாயிற்று. உட்காராமல் எத்தனை காலம் நின்றுகொண்டிருக்க முடியும்?

எனக்கு இந்த விஷயம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்ட நண்பருக்கு ஒரு பதில் கடன் இருக்கிறது. கௌன்ட்டரில் என் முன்னால் ஆட்டுக் கடன் கேட்டு ஒருவர் நின்றார். எனக்கு அவரைத் தெரியும். என் பாட்டி செத்த அன்று எங்கள் தெரு முனையில் நெருப்பு மூட்டிப் பறையைக் காய்ச்சி, ராத்திரி முழுக்க அடித்தவர். தெரு முனையில்தான், உள்ளே இல்லை. அந்த அடியின் நுணுக்கம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என்னிடம் தாளம் என்று ஏதாவது இருந்தால் அது அன்று வந்தது. விண்ணப்பத்தில் தொழில் என்ற இடம் வந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"கூலின்னே போட்டுடுங்க சார்" என்றார்.

கம்ப்யூட்டரில் வருகிற பட்டியலில் வேறு பொருத்தமான பெயரும் இல்லை. கூலி என்றே போட்டேன். அடுத்த வருஷம் கடன் புதுப்பிக்க வந்தபோது, இந்தக் குழுவின் பாடல்களையெல்லாம் கேட்டு முடித்திருந்த நான், கொஞ்சம் தைரியம் வந்தவனாக, இசைக்கலைஞர் என்று எழுதட்டுங்களா என்று கேட்டேன். அவர் பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"போன வருஷம் போட்டதையே போடுங்க சார்."